நான்காம் மேசைக்குப் போன அழைப்புகள்

லிஃப்ட் பராமரிக்கும் அந்த நிறுவனத்தில் பதினான்கு வருடமாகப் போன் எடுத்தவளை எல்லாரும் 'பொறுமை' என்றே கூப்பிட்டார்கள். யார் எவ்வளவு கத்தினாலும் அவள் குரல் உயராது. வீட்டில் கதை வேறு. போன் இரண்டாவது முறை அடிப்பதற்குள் கை ஈரத்தோடு ஓடி வருவாள். "யாராவது மாட்டிக்கிட்டாங்களாம்மா?" என்று மகள் கிண்டலடிப்பாள்.

அலுவலக அறையில் ஐந்து மேசை, ஐந்து போன். லிஃப்டுக்குள் அவசரப் பொத்தானை அமுக்கினால் ஐந்தில் ஒன்று அடிக்கும். எது என்பதைச் சுவரில் மாட்டியிருந்த பெட்டி முடிவு செய்யும். முன்பெல்லாம் எந்த அழைப்பும் முதல் மேசைக்குத்தான் வரும். அங்கே ஆள் பேசிக்கொண்டிருந்தால் இரண்டாவதுக்கு, பிறகு மூன்றாவதுக்கு. முதல் மேசை பொறுமையுடையது. மாலையில் தொண்டை கட்டிப்போய்க் கணவனிடம் சைகையில் பேசுவாள். ஐந்தாம் மேசைக்காரரோ செய்தித்தாளை விளம்பரம்வரை படித்து முடித்திருப்பார்.

புதிதாக வந்த மேலாளர் அதை மாற்றினார். பேசி முடித்து யாருக்கு அதிக நேரம் ஆகியிருக்கிறதோ, அவருக்கே அடுத்த அழைப்பு. நியாயமான ஏற்பாடுதான். முதலில் நன்றி சொன்னவளே பொறுமை.

அந்த மாதமே நான்காம் மேசைப் பெண் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாள். அவள் பெயரைப் பெட்டியிலிருந்து யாரும் எடுக்கவில்லை. பெட்டியைப் பொறுத்தவரை அவள் இன்னும் அங்கேதான் இருந்தாள். அதுவும் யாரைவிடவும் அதிக நேரம் சும்மா இருந்தாள். அதனால் ஒவ்வொரு அழைப்பும் முதலில் அந்த வெற்று நாற்காலிக்குப் போய், இருபது விநாடி அடித்துவிட்டுத்தான் மற்றவர்களிடம் வந்தது.

முதல் வாரம் சிரித்தார்கள். பிறகு காது பழகிவிட்டது. பொறுமைக்குப் பழகவில்லை. பழைய லிஃப்டுகளில் ஒரு நிமிடத்தில் இணைப்பு தானாக அறுந்துவிடும். மேலாளரிடம் மூன்று முறை சொன்னாள். புது ஆள் வரப்போகிறார், அதுவரை சமாளியுங்கள் என்றார் அவர். ஒருநாள் வயரைப் பிடுங்கிவிடலாம் என்று மேசைக்கடியில் குனிந்தாள். கருவிகளை யாரும் தொடக்கூடாது என்ற உத்தரவு நினைவுக்கு வர, நிமிர்ந்துவிட்டாள்.

மழையில் ஊர் பாதிக்கு மின்சாரம் போன ஒரு பிற்பகல். நான்கு பேரும் பேச்சில் இருந்தார்கள். லிஃப்டில் மின்விசிறி சத்தம் போடுகிறது என்று ஒரு குடியிருப்புச் செயலாளர் போனில் பொறுமையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான்காம் போன் அடித்தது. வேறு மேசைக்குப் போக வழியில்லாமல் ஒரு நிமிடம் அடித்து நின்றது. மறுபடி அடித்தது, நின்றது. மூன்றாவது முறை அடித்தபோது அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வேறு ஆட்களாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். ஐந்தாவது முறை அடித்தபோது, செயலாளரைப் பாதிப் பேச்சில் விட்டுவிட்டு எழுந்து ஓடினாள்.

முதலில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"எத்தன தடவ அமுக்குறது?" என்றது ஒரு குரல். "தண்ணி கேன் போடுறவன்மா. நெஞ்ச அடைக்குது."

போன் திரையில் லிஃப்ட் எண் தெரிந்தது. கைபேசியில் மெக்கானிக்கையும் ஆம்புலன்ஸையும் அழைத்து அனுப்பச் சொல்லி ஐந்தாம் மேசைக்காரருக்கு எழுதிக் காட்டினாள். "லைன் கட்டாகும், பயப்படாதீங்கண்ணே. திரும்ப அமுக்குங்க, நானே எடுப்பேன்" என்றாள். மற்ற மூன்று பேருக்கும் போனைக் கீழே வைக்க வேண்டாம் என்று கை காட்டினாள். யாராவது ஒருவர் வைத்தாலும் லிஃப்டில் இருப்பவரின் அடுத்த அழைப்பு அங்கே போய்விடும்.

நான்கு முறை அவளிடமே வந்தார். பேச்சு குறைந்துகொண்டே போனது. கடைசித் தடவை, "மூணாவது மாடிக்குக் கேன் போகலன்னு சொல்லிருங்க" என்றார். அதன்பின் அந்தப் போன் அடித்தபோது வேறு யாரோ சர்வீஸ் தேதி கேட்டார்கள். உடனே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அந்த லிஃப்ட் எண் திரும்ப வரவே இல்லை.

மெக்கானிக் கதவைத் திறந்தபோது உயிர் இருந்தது. மருத்துவமனை வாசலில் போய்விட்டது.

மறுநாள் காலை பெட்டியைப் பழுது பார்ப்பவர் வந்தார். நான்காம் பெயரை நீக்க அவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "இதுக்கா கூப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

மதியம் மேலாளர் விசாரணைக்கென்று தட்டச்சு செய்த ஒரு தாளைப் பொறுமையிடம் நீட்டினார். அழைப்பு ஒருமுறைதான் வந்தது, உடனே எடுக்கப்பட்டது என்றிருந்தது. "குடும்பம் இருக்கு உங்களுக்கு. யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க" என்றார் மெதுவாக.

பொறுமை வேறு தாள் கேட்டு வாங்கித் தன் கையால் எழுதினாள். அழைப்புகள் வந்த நேரங்கள், தான் மேலாளரிடம் சொன்ன மூன்று தேதிகள். கடைசியாக ஒரு வரி: மூன்றாவது அழைப்பிலேயே நான் எழுந்திருக்கலாம், எழவில்லை.

அதன்பிறகு யாரும் அவளோடு சேர்ந்து சாப்பிட உட்காரவில்லை. விசாரணை நாள்வரை வீட்டுக்கு ஊமை அழைப்புகள் வந்தன. எடுத்தால் வைத்துவிடுவார்கள். கணவன் போனை அணைத்து வைக்கச் சொன்னான். அவள் ஒவ்வொன்றையும் எடுத்தாள்.

விசாரணை முடிந்து மேலாளரை வேலையிலிருந்து நீக்கினார்கள். பொறுமையைப் பழைய கோப்புகள் இருக்கும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே போன் கிடையாது. விசாரணை நடந்த கட்டடத்தின் படியில் இறந்தவரின் மனைவி அவளை நிறுத்தி, அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டாள். மூன்றாவது மாடிக்குப் போகாத கேனைப் பற்றிச் சொன்னாள் பொறுமை.

"அந்த வீட்டுலேந்து என்னாச்சுன்னு யாரும் வந்து கேக்கவே இல்ல" என்றாள் அந்த அம்மாள்.