நாலு வரிப் பக்கம்

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. தொண்ணூறுகளின் கடைசியில், பினாங்குத் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் சரக்கு ஏஜென்சியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. அந்தக் குணத்துக்கு அங்கே நல்ல தீனி கிடைத்தது. மாடிப்படிக்குக் கீழே ஒரு சர்வர், அதை நம்பி எட்டுப் பேர். கடலுக்கு அக்கரையில், ஜுருவில் ஒரு கிடங்கு. பிரிண்டருக்குப் போன பத்திரம் பாதி வழியில் சிக்கிக்கொண்டால் இடுப்பில் பேஜர் துடிக்கும். ஜுருவில் இருந்தாலும் மோட்டாரை எடுத்துக்கொண்டு ஃபெரி ஏறி வந்து, ஒரே ஒரு கட்டளையை அடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். சனியன் பிடித்த பிழைப்பு.

அதனால் சர்வருக்கென்று ஒரு வலைப்பக்கம் செய்தேன். அலங்காரம் ஒன்றும் கிடையாது, வெள்ளைத் திரையில் நாலே வரி. டிஸ்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார். சிக்கிய பிரிண்டை நீக்கு. நகல் எடு. சாயங்காலம் மூடும்போது சர்வரை நிறுத்து. எந்த வரியைத் தொட்டாலும் அந்த வேலை உடனே நடந்துவிடும். "நிச்சயமா?" என்று திருப்பிக் கேட்க இன்னொரு பக்கம் வைத்திருக்கலாம். அதற்கு அரை நாள் பிடிக்கும். யாருக்கு இருக்கிறது அவ்வளவு பொறுமை?

முன்மேசை அக்காவிடம்தான் முதலில் காட்டினேன். பதினான்கு வருடமாகக் கப்பல் பத்திரங்கள் அவர் கையில்தான். அவர் பார்த்து அனுப்பிய தாள் பிழை என்று திரும்பி வந்ததே இல்லை. அந்தப் பெயர் அவருக்கு உயிர்.

"இனிமே என்னைக் கூப்பிட வேணாம்க்கா. நீங்களே பாத்துக்கலாம்."

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இந்த இண்டர்நெட் ரொம்ப ஸ்லோவா போகுதே. அதுக்கும் நீ எதாச்சும் பண்ணுலா."

ஒரு பத்திரிகையோடு வந்த டிஸ்கில், பக்கங்களைச் சீக்கிரம் கொண்டுவரும் புரோகிராம் ஒன்று இருந்தது. அன்றைக்கே அதை அவர் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தேன். அக்காவுக்கு ஏக சந்தோஷம்.

மறுநாள் காலை சர்வர் நின்றது. எழுப்பினேன். அதற்கடுத்த நாளும் அதே நேரத்தில் நின்றது. மூன்றாம் நாள் ஒரு கப்பல் பத்திரத்துக்காகக் காத்திருந்தது, முதலாளி படிக்கட்டில் வந்து நின்றுகொண்டிருந்தார். சர்வரின் பதிவைத் திறந்தேன். நிறுத்தும் கட்டளை மூன்று நாளும் அக்காவின் கம்ப்யூட்டரிலிருந்துதான் வந்திருந்தது. விறுவிறுவென்று அவர் மேசைக்குப் போனேன்.

"ஏன்க்கா சர்வரை நிறுத்துறீங்க?"

"காலைல வந்ததும் டிஸ்கைப் பாக்கலாம்னு பக்கத்தத் தெறந்தேன். அதுக்குள்ள நின்னுருச்சு. நான் எதையும் தொடல தம்பி."

"பதிவுல இருக்குக்கா. மெஷின் பொய் சொல்லாது."

எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். முதலாளி கேட்டுக்கொண்டே படியேறிப் போனார். திங்கட்கிழமை அக்கா ஜுரு கிடங்குக்கு மாற்றப்பட்டார், பெட்டி எண்ணும் வேலைக்கு. வீடு இருக்கும் ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ், ஃபெரி, மறுபடியும் பஸ். அவர் நாற்காலிக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள்.

அதன்பிறகு சர்வர் நிற்கவில்லை. நான் சொன்னது சரியாகிவிட்டது, நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்க முடியவில்லை. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய், சும்மா ஓடிக்கொண்டிருக்கும் சர்வரைப் பார்த்துவிட்டு வருவேன்.

இரண்டு வாரம் கழித்துப் புதுப் பெண்ணுக்குப் பிரிண்ட் சிக்கியது. அவளுக்கு என் பக்கத்தைப் பற்றித் தெரியாது. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அக்காவின் பழைய கம்ப்யூட்டரிலேயே பக்கத்தைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து டெலிபோன் அடித்தது. ரிசீவரை எடுக்கக் கையை நீட்டினேன். மவுஸைத் தொடக்கூட இல்லை. படிக்கட்டுக்குக் கீழே சர்வரின் விசிறிச் சத்தம் அடங்கியது.

டெலிபோனை எடுக்காமல் திரையைப் பார்த்தேன், அப்போதுதான் புரிந்தது. நான் போட்டுக் கொடுத்த அந்தப் புரோகிராம், திறந்த பக்கத்தில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் தானே முன்கூட்டிப் போய்ப் பார்த்துவிடும். நாம் தொடும்போது தயாராக இருக்க வேண்டுமே. என் பக்கத்திலோ போய்ப் பார்ப்பதும் செய்து முடிப்பதும் ஒன்றுதான். நாலையும் அது செய்திருக்கிறது, சர்வரை நிறுத்துவது உட்பட.

உடனே முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "சரி, அதை எடுத்துடு" என்றார், அவ்வளவுதான். புரோகிராமை அழித்துவிட்டு ஜுருவுக்குப் போனேன். ஃபெரியில் உட்கார முடியாமல் முழுக்க நின்றுகொண்டே போனேன்.

அக்கா பெட்டி அடுக்குகளுக்கு நடுவில் தாளும் பேனாவுமாக நின்றிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். "என் தப்புத்தான்க்கா. மன்னிச்சிருங்க."

எண்ணிக்கொண்டிருந்ததைக் குறித்துவிட்டு நிமிர்ந்தார். "முதலாளி முன்னால சொன்னீங்க. எட்டுப் பேர் முன்னால சொன்னீங்க. மன்னிப்ப மட்டும் யாருமே இல்லாத எடத்துல வந்து சொல்றீங்க."

அதுவரை என்னை நீ என்றுதான் கூப்பிட்டவர். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலை எல்லாரும் வந்து உட்கார்ந்ததும் கிடங்குக்கு டெலிபோன் செய்து அக்காவை லைனில் இருக்கச் சொன்னேன். ஸ்பீக்கரை அழுத்திவிட்டு, முதலாளி அறைக் கதவையும் திறந்து வைத்தேன். பக்கம் என்னுடையது, புரோகிராமும் நான் போட்டது, அக்கா எதையும் தொடவில்லை, கேட்ட அன்றைக்கே அதைச் சொன்னார், நான்தான் கேட்கவில்லை என்று நின்றபடி சொன்னேன். ஸ்பீக்கரில் கிடங்கின் வண்டிச் சத்தம் கேட்டது.

"கேட்டுச்சு" என்றார் அக்கா. வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் முதலாளியே அவரைத் திரும்ப வரச் சொன்னார். அக்கா வரவில்லை.