சமாதானத்தைத் தட்டச்சு செய்தவள்

மாவட்ட அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் தட்டச்சு செய்தவளுக்கு அந்த வருடம் பதவி உயர்வு கிடைத்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். கிடைத்தது சமாதானப் பேச்சுவார்த்தை. கல்லூரி விடுதி ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தை ஒழித்து, ஒரு பக்கம் அரசுத் தரப்பையும் மறுபக்கம் மலையிலிருந்து சண்டை போட்ட மலைத் தரப்பையும் உட்கார வைத்து, மூலையில் ஒரு கணினியோடு இவளையும் உட்கார வைத்தார்கள். எல்லாருக்கும் இவள் டைப்பிஸ்ட் அக்கா. பதினாறு வருடம் துப்பாக்கியோடு திரிந்த மலைத் தளபதிகூட, பிரிண்டரில் காகிதம் சிக்கினால், "அக்கா, கொஞ்சம் வாங்களேன்" என்று பம்முவார்.

பெரிய மனிதர்கள் பேசிய பேச்சு இருக்கிறதே, அடேயப்பா! யார் கையெழுத்து இடது பக்கம், யாருடையது வலது பக்கம் என்பதற்கு மட்டும் இரண்டு நாள். ஆளுக்கு ஒரு பிரதியில் இடது பக்கம் என்று முடிவானதும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டார்கள். நடுவராக வந்த வெளிநாட்டுக்காரர் இதை "நம்பிக்கையின் முதல் படி" என்றார். மலையடிவாரத்தில் அன்றைக்கும் குண்டு விழுந்தது. அது எந்தப் படி என்று அவர் சொல்லவில்லை.

இவளுக்கு இதில் ஒரே ஒரு கவலை. தம்பி. ரேடியோ ரிப்பேர் செய்பவன். மலைக்காரர்களின் கருவியைச் சரிசெய்தான் என்று அரசுக்குச் சந்தேகம், அரசின் கருவியைச் சரிசெய்தான் என்று மலைக்காரர்களுக்குச் சந்தேகம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஏழு வருடத்துக்கு முன் நம்பர் இல்லாத ஒரு வண்டி கடை வாசலில் நின்றது. அவனை ஏற்றிக்கொண்டு போனது, அத்தோடு சரி. இவள் போட்ட மனுக்கள் நாற்பத்தொன்று. ஒன்றில்கூட எழுத்துப்பிழை கிடையாது. பதிலும் கிடையாது.

டீ இடைவேளையில் தளபதியிடம் கேட்டுப் பார்த்தாள்.

"அவங்கதான் புடிச்சிருப்பாங்கக்கா. நாங்க இல்ல."

அரசுத் தரப்புத் தலைவரிடமும் கேட்டாள்.

"மலைக்காரங்க வேலைம்மா அது. நாங்க இல்ல."

பதினெட்டு நாள் பேச்சில் இரு தரப்பும் முழு மனதாக ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

கடைசி நாள் காலையில் கைதிகள் பட்டியல் வந்தது. மலைத் தரப்பிடம் இருப்பவர்கள் முப்பது பேர், அரசிடம் இருப்பவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். தம்பி இரண்டிலும் இல்லை. இவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கால்புள்ளியைக்கூடச் சொந்தமாகச் சேர்த்தறியாதவள். நீளமான பட்டியலில்தான் கண்ணுக்குத் தப்பும் என்று அரசின் பட்டியலைத் தேர்ந்தெடுத்தாள். எழுபத்தொன்றாவதாகத் தம்பியின் பெயர், அப்பா பெயர், வயது. மற்றவர்களை ஒரு எண் கீழே தள்ளினாள். ஒப்பந்தத்தில் நூற்றுப் பன்னிரண்டு என்று வந்த இடமெல்லாம் நூற்றுப் பதின்மூன்று ஆக்கினாள். போனால் வேலைதானே போகும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஜெயில் என்ற சொல்லை மனது தானாகவே சொன்னது.

யார் படித்தார்கள்? இடது வலதுக்கு மல்லுக்கு நின்றவர்கள் பட்டியல் பக்கங்களில் மளமளவென்று சுருக்கொப்பம் போட்டுத் தள்ளினார்கள். வெளியே கேமராக்காரர்கள் காத்திருந்தார்கள் அல்லவா!

கையெழுத்தான ஆறாவது வாரம் விளையாட்டு மைதானத்துக்குக் கைதிகளை ஏற்றிய பேருந்துகள் வந்தன. இவள் தம்பிக்குப் புதுச் சட்டை ஒன்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, காலையிலிருந்து கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதிகாரி எண்ணைச் சொல்லி, பெயரைச் சொல்லி அழைப்பார், ஒருவர் இறங்குவார், வீட்டார் கையெழுத்துப் போட்டு அழைத்துப் போவார்கள். எழுபது முடிந்தது.

"எழுபத்தொண்ணு!" என்று தம்பியின் பெயரை வாசித்தார்.

ஒருவன் இறங்கினான். உயரமானவன். நெற்றியில் பழைய தழும்பு. தம்பி இல்லை.

பெயரைக் கேட்டதும் எழுந்து நின்ற இவளிடம் அவன் நேராக வந்து, "அக்கா" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "மன்னிச்சிருங்கக்கா. அந்தப் பேர்ல ஜெயிலுக்குள்ள யாருமே இல்லையாம். எண்ணிக்கை குறைஞ்சா ஒப்பந்தம் கெட்டுப்போயிரும்னு என்னை அந்தப் பேர்ல ஏத்திட்டாங்க. நான் எந்த லிஸ்ட்லயும் இல்லக்கா. ஒம்பது வருஷமா உள்ளயே கெடந்தேன்."

"என்னம்மா, உன் தம்பிதானே?" என்றார் அதிகாரி. "இல்லன்னா சொல்லு, திருப்பி வண்டில ஏத்திருவோம்."

பாவிகளா, எண்ணிக்கைக்கு ஒரு தம்பியா? கையெழுத்துப் போட்டால் தம்பி வீடு திரும்பியாயிற்று. விடுவிக்கப்பட்டவரைத் தேடி எந்த அலுவலகமும் இனி மனு வாங்காது. நாற்பத்திரண்டாவது மனு என்று ஒன்று இல்லை. அந்த மனிதன் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என் தம்பிதான் சார்."

இடது பக்கமா வலது பக்கமா என்று கேட்காமல், அவர் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். காகிதத்தின் மேல் கண்ணீர் சொட்டியது.

"அழாதம்மா, மை கலைஞ்சிரும்" என்றார் அதிகாரி. "சந்தோஷம்தானே?"

"ஆமா சார்" என்றாள். "சமாதானம் வந்துருச்சுல்ல."