ஆடும் மேசையில் நிற்கும் கப்பல்கள்

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவுக்குள் ஒரு காலை வைத்திருந்தேன். கூட வேலை பார்க்கும் குமார்தான் போன் செய்தான். "மாலா, அக்கா பூட்டாங்க. நெஞ்சு வலின்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போறதுக்குள்ள..." ஏறுவதா இறங்குவதா என்று புரியாமல் நின்றேன். "இன்னாம்மா, ஏறுறியா இல்லியா? ஷிப்டு டைம்ல உயிர வாங்காத" என்று டிரைவர் அதட்டினார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? ஆனாலும் அவர் மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டுகள் செய்யும் எங்கள் கம்பெனியில் அக்கா லைன் சூப்பர்வைசர். அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் குரல் தெரியும், சிரிப்பு தெரியும். அவர் கால் ஆட்டுவதும் தெரிந்திருக்கும். கேன்டீனிலோ மீட்டிங்கிலோ உட்கார்ந்தால் போதும், வலது கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். "உக்காந்து காலாட்டினா குடும்பத்துக்கு ஆகாது" என்று சொல்லாத ஆள் கிடையாது. "எங்க வூட்ல எல்லாரும் நல்லாத்தான் கீறாங்க" என்று சொல்லிக்கொண்டே ஆட்டுவார்.

உங்களில் பலருக்குத் தெரியாதது எங்கள் ஞாயிற்றுக்கிழமை. ஊர் திரும்பிய ஒரு ஜப்பான் இன்ஜினியர், தன்னிடம் இருந்த ஒரு விளையாட்டுப் பெட்டியைக் குமாரிடம் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே விரலளவு விண்கப்பல்கள். ஒவ்வொன்றும் கண்ணாடி போன்ற மெல்லிய குச்சியின் மேல், சின்ன ஸ்டாண்டில் நிற்கும். படப்பையில் குமார் வீட்டு மடக்கு மேசையில் கறுப்புத் துணியை விரித்தால் அதுதான் ஆகாயம். குமார், அவன் மனைவி தேவி, நான், அக்கா நால்வரும் மதியச் சாப்பாடு முடிந்ததும் சண்டைக்கு உட்காருவோம். சர்ச் பூசையிலிருந்து நேராக வரும் அக்கா, அரை மணி நேரத்தில் என் கப்பல்களைத் துவம்சம் செய்துவிடுவார்.

மேசைக்கு அடியில் ஒரு கம்பி உண்டு. அக்காவின் கால் அதன் மேல்தான் இருக்கும். ஆட்டம் சூடுபிடித்தால் கால் ஆடும், மேசை ஆடும், கப்பல்கள் ஒவ்வொன்றாகச் சாயும். ஒரு நாள் தேவி வாரக்கணக்கில் வண்ணம் பூசிய கப்பல் தரையில் விழுந்து இறக்கை முறிந்தது. குமார் முகம் கறுத்துவிட்டது. "அக்கா, தப்பா நினைக்காதீங்க. ஒண்ணு கால நிறுத்துங்க, இல்லாட்டி நீங்க தள்ளி உக்காந்து பாருங்க. ஆட வாணாம்" என்றான்.

அடுத்த வாரம் அக்கா துப்பட்டாவால் இரண்டு முழங்கால்களையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கப்பல் ஒன்றும் விழவில்லை. அக்காவும் பேசவில்லை, சிரிக்கவில்லை. வரிசையாகத் தோற்றார். கட்டை அவிழ்த்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "கால நிறுத்தினா மூளையும் நின்னுடுது மாலா. வாரம் பூரா யாருக்காவது வேல சொல்லிக்கினே கீறேன். இந்த ஒரு நாளுதான் எனக்கு வெளாட்டு. இதுவும் போச்சுன்னா எப்புடி?" என்று பஸ் ஸ்டாப்பில் கேட்டார். பஸ் வருவதற்குள் அவரே ஒரு முடிவுக்கு வந்தார். "ஆடறது ஆடட்டும். நிக்கறது ஒழுங்கா நிக்கட்டும். ஸ்டாண்டைப் பார்த்துடறேன்."

பார்த்தார். அடிப்பாகத்தை அகலமாக்கலாம் என்றால், ஆட்டத்தில் அதன் விளிம்பிலிருந்துதான் கப்பல் நகரும் தூரத்தை அளக்க வேண்டும், விதி மாறிவிடும் என்றான் குமார். குச்சியை வெட்டிக் குட்டையாக்கலாம் என்றால், கப்பல் பறக்கிற மாதிரியே இருக்காது என்றாள் தேவி. சரி, கனம் கூட்டலாம் என்று அடியில் நடுவே ஒரு பெரிய நட்டை ஒட்டினார் அக்கா. ஸ்டாண்டு மேசையைத் தொடாமல் நட்டின் மேல் ஏறி நின்றது. முன்னைவிடச் சீக்கிரம் கவிழ்ந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "சிரி, சிரி. ஒன் கப்பலுக்குத்தான் மொதல்ல ஒட்டுவேன்" என்றார்.

ஸ்ரீபெரும்புதூர் ஹார்டுவேர் கடையில், ஸ்டாண்டின் அகலத்துக்கே சரியாக இருக்கும் வாஷர்களைத் தேடி வாங்கினார். அதை ஒட்டியதும் அடி அசையவில்லை. ஆனால் மேலே கப்பல் மூக்கைத் தொங்கப்போட்டது. குச்சி செருகும் துளை வால் பக்கம் இருந்ததுதான் காரணம். கப்பலை விரல் நுனியில் நிறுத்தி, எந்த இடத்தில் சாயாமல் இருக்கிறதோ அங்கே புதுத் துளை போட்டார். "எங்க வெயிட்டோ அங்க தாங்கணும். நமக்குத் தோதான எடத்துல தாங்கினா அதுக்கு இன்னா பிரயோசனம்?" என்றார்.

சோதனை நடந்தது நாங்கள் வேலைக்குப் போகும் ஷேர் ஆட்டோவில். அக்கா மடியில் டிபன் பாக்ஸ் மூடி, அதன் மேல் விண்கப்பல். "ஒரகடம் வரைக்கும் நின்னா ஓகே. வுழுந்தா ரிஜெக்ட்." வேகத்தடை வரும்போதெல்லாம் பின்சீட்டே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். முதல் சில நாள் ரிஜெக்ட். ஒரு நாள் கப்பல் தள்ளாடித் தள்ளாடிக் கடைசிவரை நின்றது. இறங்கும்போது முன்பின் தெரியாதவர்கள்கூடக் கைதட்டினார்கள். அந்த ஞாயிறு அக்கா கம்பியில் காலை வைத்து ஆசை தீர ஆட்டினார். கப்பல்கள் எல்லாம் நடுங்கின. ஒன்றுகூட விழவில்லை. குமார் எழுந்து, "அக்கா, இனிமே நீங்க எட்டி உதைச்சாக்கூட நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றான்.

அடக்கத்தன்று பெட்டியின் காலடியில் நின்றேன். அக்காவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். எல்லோருக்கும் கட்டுவதுதான், தெரியும். ஆனாலும் அதை அவிழ்த்துவிட வேண்டும் என்று கை பரபரத்தது. அங்கே நிற்க முடியாமல் வெளியே போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். ஜெபம் முடியும்வரை இதே வேலை.

அதற்கடுத்த ஞாயிறு மூன்று பேரும் துணியை விரித்தோம். கப்பல்களை வைத்தோம். மேசை ஆடாமல் இருந்தது. யாருக்கும் முதல் காயை நகர்த்த மனம் வரவில்லை. தேவி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அப்போது கப்பல்கள் மெல்ல நடுங்கின. குனிந்து பார்த்தேன். குமாரின் கால் கம்பியின் மேல் ஆடிக்கொண்டிருந்தது. அவன் என்னைப் பார்க்காமல், "நிறுத்தணுமா?" என்று கேட்டான். "வாணாம்டா" என்றேன். உள்ளிருந்து வந்த தேவி உட்கார்ந்து தன் கப்பலை நகர்த்தினாள்.

அக்காவின் கப்பலை எனக்குக் கொடுத்தார்கள். அது என் மேசையில் நிற்கிறது. இதை எழுதும்போதும் என் வலது கால் சும்மா இல்லை. காபி டம்ளர் இரண்டு முறை தளும்பிவிட்டது. "காலாட்டாதம்மா, குடும்பத்துக்கு ஆகாது" என்று மாமியார் உள்ளிருந்து சொல்கிறார். ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். கப்பல் நிற்கிறது.