ஸ்டார்ட்டரில் செருகிய குச்சி

திண்டுக்கல்லில் இருந்து கொடைரோடு வரைக்கும் எந்தத் தோட்டத்துக்காரரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். மோட்டார் மக்கர் செய்தால் முதலில் வாயில் வருகிற பெயர் ஒச்சப்பன்தான். காலேஜ் முடித்த பையன்கள் மீட்டரை வைத்துத் தடவிக்கொண்டிருக்கும் நேரத்தில், அவர் மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. ஆனால் ஐம்பத்திரண்டு வயதுக்குள் பட்டறை, மாடி வீடு, மகளுக்கு இன்ஜினியர் படிப்பு, எல்லாம் இந்த இரண்டு கையால் வந்தது. யார் தயவும் இல்லை.

அந்தக் கையை அவர் ஒருநாளும் நம்பியதில்லை.

கிணற்றில் ஆள் இறங்க வேண்டுமென்றால், பெட்டியில் இருக்கும் மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கி, இறங்குகிறவன் சட்டைப் பையில் போட்டுத்தான் அனுப்புவார். வேலை முடிந்து மேலே ஏறி வந்து அவன் கையாலேயே திருப்பித் தர வேண்டும். ஒச்சப்பண்ணன் பொண்ணை அனுப்புற மாதிரி சீர் கட்டிக் கொடுத்துத்தான் ஆளைக் கிணத்துல இறக்குவார் என்று மற்ற மெக்கானிக்குகள் கேலி பேசுவார்கள். பேசட்டும். அவர் இறக்கிய ஆளில் ஒருவனுக்கும் நகத்தில் கீறல் விழுந்ததில்லை. பட்டறைச் சுவரில் ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் உருவத்தைப் பெயிண்டில் வரைந்து வைத்திருப்பார். இடம் காலியாக இருந்தால் சாமான் எங்கோ கிடக்கிறது என்று அர்த்தம். மறக்கக் கூடாததெல்லாம் முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருக்கும். இத்தனை இருந்தும் சின்னாளபட்டி தாண்டிய பிறகு, ஸ்டார்ட்டர் பெட்டியை மூடினோமா என்று வண்டியைத் திருப்புவார். மூடித்தான் இருக்கும். மறுபடி கிளம்பி, மறுபடி திரும்புவார். பிந்தி வந்தால் மனைவி ஜக்கம்மாள் ஏன் என்று கேட்பதில்லை. சோற்றைப் போட்டுவிடுவாள்.

அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அப்பா செத்த அன்றைக்கு ஸ்டார்ட்டரில் அந்தக் குச்சியைச் செருகியது யார் கை.

அப்போது அவருக்குப் பத்து வயது. உட்கார்ந்த இடத்தில் உட்காராத பிள்ளை. வாத்தியார் ஒருநாள் காலைக் கயிற்றால் பெஞ்சோடு கட்டிப் போட்டார். பெஞ்சையும் இழுத்துக்கொண்டு வாசல்வரை போனவன். கடைக்கு அனுப்பினால் காசோடு வேறு ஊரில் நிற்பான். சுழி சரியில்லை என்றார்கள்.

ரயில்பாதை ஓரத்தில் அவர்களுக்குத் தோட்டம். கிணற்றின் பாதி ஆழத்தில், சுவரில் பதித்த கல்மேல் மோட்டாரும் பம்பும் இருந்தன. ஸ்டார்ட்டர் மேலே மோட்டார் அறையில். கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத காலம். அதனால் பச்சைப் பொத்தானை அமுக்கி, அது எழும்பாதபடி ஒரு குச்சியைச் செருகி வைப்பார்கள். கரண்ட் வந்தால் மோட்டார் தானே ஓடும். ஊரெல்லாம் அப்படித்தான் செய்தார்கள்.

அன்றைக்குக் கரண்ட் இல்லை. பம்பில் தண்ணீர் ஒழுகுகிறது என்று அப்பா கீழே இறங்கினார். மேலே நின்றது இரண்டு பேர். ஒச்சப்பனும், அப்பாவின் தம்பி கருப்பணனும். குச்சியை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். கீழே இருந்து, எடுத்தாச்சா என்றும் ஒரு தடவை கேட்டார். எடுத்தாச்சு என்று ஒரு குரல் போனது. செத்த நேரத்தில் கரண்ட் வந்தது. மோட்டார் ஓடியது. தோளில் கிடந்த துண்டை சுழல்கிற மோட்டார் தண்டு இழுத்துக்கொண்டது, துண்டோடு அவரையும்.

ஓடிப் போய்ப் பார்த்தபோது குச்சி ஸ்டார்ட்டரில் இருந்தது.

குச்சியைக் கையில் வைத்திருந்தது ஒச்சப்பனுக்கு நன்றாக நினைவிருக்கிறது. உடைமரக் குச்சி, ஒரு பக்கம் பட்டை உரிந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நாற்பத்திரண்டு வருடமாக நினைவில் அந்த இடத்துக்குப் போய்ப் போய்ப் பார்க்கிறார். காலியாகவே இருக்கிறது.

கருப்பணன்தான் கொன்றான் என்று அம்மா மாயக்காள் சொன்னாள். ஊரும் சொன்னது. கருமாதிக்கு முன்பே சித்தப்பா ஊரைவிட்டுப் போனார். பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை.

போன ஆனி மாதம் மகள் அன்புக்கரசி கோயம்புத்தூர் வேலையில் இருந்து வந்து, மதுரையில் ஒரு மனநல டாக்டரிடம் போக வேண்டும், கூட வாங்க என்றாள். அவளுக்கு அது மூன்றாவது கம்பெனி. எடுத்த வேலையை முடிக்க முடியவில்லை, மேலே இருப்பவர்கள் சத்தம் போடுகிறார்கள். டாக்டரம்மா, சின்ன வயதில் பிள்ளை எப்படி என்று அவரிடம் கேட்டார். பொருளைத் தொலைப்பாளா, பேச்சு முடியும் முன்னே எழுந்து ஓடுவாளா. ஒவ்வொரு கேள்விக்கும் ஒச்சப்பன் சொன்ன பதில் மகளைப் பற்றியதா தன்னைப் பற்றியதா என்று அவருக்கே பிடிபடவில்லை. ஏடிஎச்டி என்றார் டாக்டரம்மா. புத்திக் குறை இல்லை, திமிரும் இல்லை, கவனம் நிற்கிற விதமே வேறு. ரத்த வழியில் வருவதும் உண்டு. உங்களுக்கும் இருக்கும் போல என்றார். தான் எந்த மாத்திரையும் இல்லாமல் ஆயிரக்கணக்கான மோட்டார் இறக்கியவன் என்று ஒச்சப்பன் சொன்னார். அதற்கு நீங்கள் பட்ட பாடு எவ்வளவு என்று அந்தம்மா கேட்டதும், பேனா எழுத்து இருந்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் மகள் சொன்னாள். "மறந்தது உங்க தப்பு இல்லப்பா. இப்படி ஒன்னு இருக்குன்னு யாரும் உங்ககிட்ட சொல்லல, அம்புட்டுத்தான்."

அவளுக்குக் குச்சி விஷயம் தெரியாது. அந்த வார்த்தை அவரை இருக்க விடவில்லை. மறுநாளே சித்தப்பாவைத் தேடி வடமதுரைக்குப் போனார்.

கருப்பணன் பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் பஞ்சர் கடை வைத்திருந்தார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கடையில் பாதி ஒட்டிய ட்யூப் நாலு கிடந்தது, ஒன்றும் முடிந்தபாடில்லை. டயரில் முள் பிடுங்கத் தேடிக்கொண்டிருந்த சாமணம் அவர் காதிலேயே செருகியிருந்தது. ஒச்சப்பன் அதை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

சுற்றி வளைக்காமல் கேட்டார். "சித்தப்பா, அந்தக் குச்சிய நான் வச்சேனா?"

"ஏலே, அதை எங்கிட்ட கேக்க வந்தியா," என்றார் கருப்பணன். "நான் வச்சேனான்னு நான் யாருகிட்ட போயிக் கேக்கட்டும்?"

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அன்றைக்கு ரயில்பாதையில் கூட்ஸ் வண்டி வந்தது. இரண்டு பேரும் பெட்டி எண்ணினார்கள். நாற்பத்தொன்று என்றான் ஒச்சப்பன், நாற்பத்திரண்டு என்றார் அவர், சண்டை வந்தது. குச்சி உன் கையில் இருந்தது, அப்புறம் என் கையிலும் இருந்தது, அதை நீட்டி நீட்டித்தான் எண்ணினோம் என்றார். நடுவில்தான் அண்ணன், எடுத்தாச்சா என்று கேட்டார்.

"எடுத்தாச்சுன்னு சொன்னது நாந்தேன். திரும்பிப் பாக்காமச் சொன்னேன். வண்டி போனதும் ரெண்டு பேர்ல யாரோ எடுத்த எடத்துலயே திரும்பச் செருகியிருக்கோம். பழக்கம் பாரு. எந்தக் கைன்னு சாமி சத்தியமாத் தெரியல அப்பு."

ஒச்சப்பன் மகளைப் பற்றியும் டாக்டரம்மா சொன்னதையும் சொன்னார். கருப்பணன் முழுதாகக் கேட்டாரா என்று தெரியவில்லை. ரோட்டில் போன டெம்போவைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெம்போ போன பிறகு, அதுக்குப் பேரெல்லாம் இருக்கா என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஒச்சப்பன் நேரே அம்மாவிடம் போனார். எண்பதை நெருங்கிவிட்ட மாயக்காள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அது என் கையாகவும் இருக்கலாம் அம்மா என்றார்.

அவள் கை நிற்கவில்லை.

"ரெண்டுல ஒருத்தன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்டா. பத்து வயசுப் புள்ளையச் சொல்ல வாய் வரல. உன்னையச் சொல்லிட்டு எப்படிச் சோறு போடுவேன்? அவன் எளந்தாரி, தாங்கிக்கிருவான்னு அவனச் சொன்னேன்."

இத்தனை வருடமும் அம்மா சித்தப்பாவை உள்ளே விடாதது கோபம் என்றுதான் ஒச்சப்பன் நினைத்திருந்தார். அவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அவள் சொன்ன பிறகுதான் புரிந்தது.

ஒச்சப்பன் கூப்பிட்டு ஞாயிற்றுக்கிழமை கருப்பணன் வந்தார். வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றாமல் நின்றார். உள்ளே இலை போட்டிருந்தது. மாயக்காள் பாயை விட்டு எழவில்லை, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வெஞ்சனம் ஆறுது. வரச் சொல்லு."

வாசல் நாலு எட்டுத்தான். அவள் சொன்னது அவருக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் அவர் அசையவில்லை. ஒச்சப்பன் போய், அம்மா வரச் சொல்லுது சித்தப்பா என்றார்.