அடுத்தவர் பாவம்

கருவடிக்குப்பத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடிப்பது சூசைநாதனுக்குச் சிரமமாக இல்லை. அந்தத் தெருவழியாகப் பல வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். எந்த வாசலில் எந்தப் பிள்ளை நிற்கும், எது அழும், எது ஓடிவரும் என்றெல்லாம் தெரியும். மகள் ஆஷ்லினின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்ததுதான் சிரமமாக இருந்தது. மார்ச் மாதத்திலிருந்து அவர் எந்த வண்டியையும் தொடவில்லை.

நடந்தது பெரிய விபத்து எல்லாம் இல்லை. மூலக்குளத்தில் ஒரு மத்தியானம் பஸ்ஸிலிருந்து இறங்கிய லமீஸ் என்கிற யூகேஜி குழந்தை, கீழே விழுந்த தண்ணீர் பாட்டிலை எடுக்க பஸ்ஸுக்கு முன்னால் குனிந்தது. வண்டி நகர்ந்துவிட்டது. ஏதோ தோன்றி சூசைநாதன் பிரேக்கை மிதித்தார். குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை. எழுந்து அவருக்கு டாட்டா காட்டிவிட்டு வீட்டுக்குள் ஓடியது. மிச்சப் பிள்ளைகளை இறக்கிவிட்டு பஸ்ஸை ஷெட்டில் விட்டு வந்தார். மறுநாள் காலை சீட்டில் ஏறி உட்கார்ந்தபோது வலது கால் வரவில்லை. மரக்கட்டையாகக் கிடந்தது. கீழே இறங்கினால் நடக்கிறது. ஏறினால் இல்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். நரம்பு டாக்டர் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, காலில் கோளாறு இல்லை என்றார். பள்ளிக்கூட கரஸ்பாண்டன்ட் நெடுமாறன் நல்ல மனிதர். "ஜூன்ல ஸ்கூல் தொறக்கும்போது நீங்க வந்தா வண்டி உங்களுது, சூசை. இல்லன்னா நான் வேற ஆளு பாக்கணும். தப்பா நெனச்சிக்காதீங்க" என்றார்.

சூசைநாதன் முதலில் போனது கோயிலுக்கு. பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்கால் போட்டுத் தன் தப்பை எல்லாம் சொன்னார். சாமியார் சின்ன வயசுக்காரர். "இதுல பாவம் எங்க இருக்கு? நீங்க கொழந்தைய காப்பாத்தித்தான இருக்கீங்க?" என்றார். சூசைநாதன் எழுந்திருக்கவில்லை. அபராதம் என்று ஏதாவது செபம் கொடுத்தால்தான் போவேன் என்பதுபோல் இருந்தார். சாமியார் அவர் திருப்திக்காக ஒரு அருள்நிறை மரியே சொல்லச் சொல்லிவிட்டு, "மனசுல இருக்கறதப் பேச யாராவது கவுன்சிலரப் பாருங்க" என்று அனுப்பினார்.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி வேளாங்கண்ணி மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நெல்லித்தோப்புல ஒரு ஆளு பாக்கி இல்லாம என்னாச்சி என்னாச்சின்னு கேட்டாச்சி. இப்ப இது வேறயா? எல்லாத்தயும் எங்கிட்ட சொல்லேன், நான் காசு வாங்காம கேக்குறேன்."

"உங்கிட்ட சொன்னா நீ திருப்பி சொல்லுவ."

"ஆமா, செவுருகிட்ட சொல்லு. அது திருப்பி சொல்லாது."

ஆஷ்லின்தான் போன் செய்து நேரம் வாங்கினாள்.

கவுன்சிலரின் பெயர் கலைமகள். ஆஷ்லினைவிட ஏழெட்டு வயசு பெரியவளாக இருப்பாள். கருவடிக்குப்பத்து வீட்டின் படியேறினால் மெத்தையில் ஒரே அறை, இரண்டு பிரம்பு நாற்காலி, நடுவில் மேஜை இல்லை. மேஜை இல்லாமல் மருந்துச் சீட்டு எப்படி எழுதுவாள் என்று சூசைநாதன் யோசித்தார். அவள் தான் டாக்டர் இல்லை, மருந்து தரமாட்டேன் என்று சொன்னாள். வாரம் ஒருமுறை வர வேண்டும், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பேசுவோம் என்றாள்.

"இங்க பேசறது வெளிய போவாது சார். உங்க பொண்ணு கேட்டாலும் சொல்லமாட்டேன். உங்க உயிருக்கோ வேற யாரு உயிருக்கோ இப்ப ஆபத்துன்னா மட்டும்தான் சொல்ல வேண்டி வரும்."

"சாமியாருக்கு அதுகூட கெடையாதும்மா. கழுத்த அறுத்தாலும் சொல்லமாட்டாங்க" என்றார் சூசைநாதன். அவள் சிரித்தாள். அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

கூண்டுக்குப் போகுமுன் செய்வதுபோல் முந்தின நாளே ஆத்தும சோதனை செய்து, தன் குற்றங்களை வரிசையாக மனசில் வைத்திருந்தார். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"கவனக்கொறைவா வண்டிய எடுத்தேன். இத்தன வருசமா ஒரு கீறல் இல்லாம ஓட்டுறேன்னு பெருமையா இருந்தேன். அன்னிக்கி காலையில பொண்டாட்டிய திட்டிட்டு வந்தேன். அவ்ளோதாம்மா."

சொல்லிவிட்டுக் கைகட்டிக் காத்திருந்தார். மின்விசிறி சுற்றியது.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார்.

"என்ன சொல்லணும் சார்?"

"நான் என்னா செய்யணும்னு. எவ்ளோ கஷ்டமா இருந்தாலும் செஞ்சிடறேன். நடந்து வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குப் போவச் சொன்னாலும் போறேன்."

"அப்படி நான் எதுவும் குடுக்க மாட்டேன் சார். சேர்ந்து பாப்போம்."

வெறுங்கையோடு படியிறங்கினார். ஆஸ்பத்திரியில் சீட்டாவது கொடுப்பார்கள். கோயிலில் செபமாவது கொடுப்பார்கள். "எப்டிப்பா இருந்துச்சி?" என்று கேட்ட ஆஷ்லினிடம், "அந்தப் பொண்ணு நல்லாத்தான் கேக்குது" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் கலைமகள், அந்த மத்தியானத்தை மெதுவாக, முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். பஸ் நின்றது, கதவு திறந்தது என்று சொல்லிக்கொண்டு வந்தவர், வண்டி நகர்ந்த இடத்துக்குத் தாவினார்.

"கதவு தொறந்ததுக்கும் வண்டி நகர்ந்ததுக்கும் நடுவுல என்ன நடந்துச்சி? பஸ்ல பெரியவங்க யாரு இருந்தாங்க?"

சூசைநாதன் திரும்பவும் வண்டி நகர்ந்த இடத்திலிருந்தே ஆரம்பித்தார். அவள் மறுபடி கேட்டதும், "அது அடுத்தவங்க பாவம்மா. அத நான் சொல்லக்கூடாது" என்றார்.

ஞானோபதேச வகுப்பில் படித்த முதல் பாடம் அது. கூண்டில் உன் பாவத்தை மட்டும் சொல்லு. பக்கத்து வீட்டுக்காரன் பாவத்தைச் சொல்ல அவனே வருவான். கலைமகளுக்கு இது தெரிந்திருக்கவில்லை. அவர் விளக்கியதைக் கடைசிவரை கேட்டாள். பிறகு, "இங்க பாவத்துக்குக் கணக்கு பாக்கறது இல்ல சார். நடந்தது என்னன்னுதான் பாக்கறோம். ஆனா நீங்களா சொல்லணும்னு தோணும்போது சொல்லுங்க" என்றாள்.

அதற்கு அடுத்த வாரமும் அவர் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் திறக்கப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போதுதான், வேறு வழியில்லாமல், பெயர் சொல்லாமல் சொன்னார்.

பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஓர் ஆயாம்மா உண்டு. அவள் கூடவே இறங்கி, பிள்ளையை வாசலில் விட்டு, திரும்ப ஏறி, பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினால் வண்டியை எடுக்கலாம். அன்றைக்கு அவள் இறங்கவில்லை. படியில் நின்று போனில் நாத்தனாரோடு சண்டை போட்டபடியே தட்டினாள். பள்ளிக்கூடத்தில் நடந்த விசாரணையில், "நான் வாசல்ல உட்டுட்டுத்தான் வந்தேன் சார், புள்ள திரும்பி ஓடியாந்துடுச்சி" என்றாள். சூசைநாதன், "ஆமாங்க, நான்தான் கவனிக்கல" என்றார்.

சொல்லி முடித்ததும் நாற்காலி நுனிக்கு வந்தார். "பசங்க உயிருக்கு ஆபத்துன்னா வெளிய சொல்லுவேன்னீங்களே. இப்ப ஸ்கூலுக்குச் சொல்லிடுவீங்களாம்மா? அந்தப் பொம்பள வேல பூடும்."

"நடந்து முடிஞ்சத வச்சி நான் சொல்லமாட்டேன் சார். ஆனா திரும்ப நடக்கும்னு நீங்க பயப்படறீங்க போல. ஸ்கூல்ல எப்படிச் சொல்லலாம்னு நாம பேசலாம்."

அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். இதைக் கலைமகளிடம் சொல்லிவிட்டால் கால் வந்துவிடும் என்று உள்ளுக்குள் நம்பியிருந்தார். நேராக ஷெட்டுக்கு நடந்துபோய் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். கால் மட்டுமல்ல, இப்போது கையும் ஸ்டியரிங்குக்கு எழவில்லை.

"முன்னவிட மோசமாயிடுச்சி" என்று அடுத்த வாரம் சண்டை போடுவதுபோல் கேட்டார். "ஜூனுக்குள்ள சரியாவுமா, ஆவாதா?"

"சொல்ல ஆரம்பிச்சா கொஞ்ச நாள் மோசமா இருக்கலாம். ஜூனுக்குள்ள சரியாகும்னு என்னால உறுதி சொல்ல முடியாது சார்."

"அப்ப நான் எதுக்கும்மா வரேன்?"

அந்தக் கேள்விக்கு அவள் சொன்ன பதில் எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

ஜூன் வந்தது. பஸ் ஒரு புதுப் பையனிடம் போனது. நெடுமாறன் சூசைநாதனை விட்டுவிடவில்லை. பள்ளிக்கூட கேட்டில் காவலுக்கு நிற்க வைத்தார். முதல் நாள் காலை பஸ் உள்ளே நுழையும்போது, ஆயாம்மா ராஜாம்பாள் ஜன்னலில் தலையை நீட்டி, "அண்ணே, இவன் பிரேக்கு போட்டே எங்கள கொன்னுடுவான் போலக்கீது. நீ எப்பண்ணே வருவ?" என்று சிரித்தாள். சூசைநாதனும் சிரித்தார்.

இடைவேளையில் நெடுமாறன் அறைவரை போனார். "என்னா சூசை?" என்று அவர் நிமிர்ந்ததும், கேட்டின் கீல் துருப்பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார். பிறகு ஷெட்டில் புது டிரைவரைப் பிடித்தார். "தம்பி, அந்தம்மா தட்டுனாலும் நீ கண்ணாடியப் பாத்து, குனிஞ்சி பாத்து எடு."

"கேட்டுல நின்னாலும் உங்களுக்கு ஸ்டியரிங் ஞாபகம் போவல பெரியவரே" என்றான் அவன்.

அந்த வாரம் பர்மிஷன் போட்டுவிட்டுக் கலைமகளிடம் போனார். ஆஷ்லின் வற்புறுத்தவில்லை, வேளாங்கண்ணிகூட ஒன்றும் கேட்கவில்லை. டவுன் பஸ்ஸில் தனியாகப் போனார்.

"கோவம் வருதும்மா" என்றார் நாற்காலியில் உட்கார்ந்ததும்.

"யார் மேல சார்?"

"ராஜாம்பா மேல." அந்த அறையில் அந்தப் பெயரை அவர் சொன்னது அதுதான் முதல்முறை. "அவ கெட்டவ இல்ல. எங்க வூட்டுக்கு வந்து சாப்டுவா. ஆனா அவ சிரிக்கறப்ப எனக்கு அப்டி ஒரு கோவம் வருது. இத வச்சிக்கிட்டு நான் என்னா பண்றது?"

"இப்ப உடனே எதுவும் பண்ண வேணாம். வருதுன்னு இங்க சொன்னீங்க இல்ல, இன்னிக்கி அது போதும் சார்."

"உங்களுக்குப் போதும்மா" என்று சூசைநாதன் எழுந்தார். "சாயந்திரம் அவ ஏறிப் போற பஸ்ஸுக்கு நான்தான் ஸ்கூல் கேட்டத் தொறக்கணும்."