அம்மா நேராகக் கேட்டது

மண்ணரை என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்குச் சித்தி வந்து சேர்ந்தபோது நான் நான்காம் வகுப்பு. அம்மாவின் ஒரே தங்கை. வெள்ளகோவிலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பிறந்த குழந்தை ஒன்பதாம் நாளே இறந்துவிட்டது. கொஞ்ச நாள் அக்கா வீட்டில் இருக்கட்டும் என்று சித்தப்பாவே கொண்டுவந்து விட்டுப் போனார்.

ஒருநாள் பள்ளிவிட்டு வந்ததும் சித்தி தன் வெள்ளிக் கொலுசைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டாள்.

"நீயே வெச்சுக்க கண்ணு. எனக்கு இனி எதுக்கு?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. தரையை உதைத்து உதைத்து நடந்துபோய் அம்மாவிடம் காட்டினேன். அம்மா வாசலில் கம்பெனி பனியன் குவியலுக்கு நடுவே நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். சித்தி சொன்னதை அப்படியே சொன்னேன். அம்மா உடனே எழுந்து உள்ளே போய், சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏங்கண்ணு, செத்துப் போயரலாம்னு நெனைக்கிறயா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த வார்த்தையை நான் சொன்னால் வாயிலேயே போடுகிற அம்மா இப்படிக் கேட்கலாமா?

"ஆமாங்க்கா" என்றாள் சித்தி.

அம்மா திட்டவில்லை, சத்தியம் வாங்கவில்லை. "எங்கிட்டச் சொன்னியே, அது போதும் சாமி. நாங் கூடவே இருக்கறேன்" என்றாள். அப்புறம் சித்தி பேசப் பேசக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் சரக்கு எடுக்க வந்த கம்பெனி ஆள், "இன்னைக்கு லோடு போகோணுமுங்க" என்று பதறினார்.

"என்ற தங்கச்சி உசுருங்க. பனியன் நாளைக்குப் போகட்டும்."

வீட்டைப் பூட்டி, சித்தியை அரசு ஆஸ்பத்திரி மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள். எங்கே போகிறீர்கள் என்று பஸ் ஸ்டாப்பில் கேட்டவர்களுக்கும் மறைக்காமல் பதில் சொன்னாள். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனவள் என் அம்மா. அன்று அவள் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிரும். சித்தி இப்போது முப்பது டெய்லர்களுக்குச் சூப்பர்வைசர்.

ஆனால் சித்தி ஒரே நாளில் தேறிவிடவில்லை. மாதக்கணக்கில் மருந்து, மருத்துவரிடம் பேச்சு. மாலையில் சித்தியை விட்டு நகராமல் இருப்பது என் பொறுப்பு. எதற்கென்று அம்மா சொல்லவில்லை. நான் வாய்ப்பாடு ஒப்பித்து அவளைப் படுத்தி எடுத்தேன்.

ஒருநாள் "ஏழேழு நாற்பத்தெட்டு" என்றேன். சித்தி சிரித்துவிட்டாள். வந்த நாளிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. வாசலை எட்டிப்பார்த்தால், அம்மா ஒரு பனியனில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தாள்.

நான் பயந்துபோனேன். நோட்டை எடுத்து, ஏழேழு நாற்பத்தொன்பது என்று பத்துமுறை எழுதி அம்மாவிடம் நீட்டினேன்.