குடிபோதையில் என்று எழுதியவன்

நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் திருப்பூரில் முப்பது வருசம் நிருபர். காதர்பேட்டையில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டிக்கு முன்னால் என் மொபெட் நிற்கும். எம்.ஏ. படித்த பையன்கள் முதல் வரிக்கே பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். நான் செய்தியின் பன்னிரண்டு வரியையும் அனுப்பிவிட்டு டீ குடித்துக்கொண்டிருப்பேன்.

அப்பேர்ப்பட்ட என்னை ஒரு புத்தகம் எழுதச் சொல்லி ஒரு பதிப்பகத்தார் ஒரு வருசமாக உயிரை வாங்குகிறார்கள். பனியன் கம்பெனி விபத்துகளில் செத்தவர்களைப் பற்றி. நான் எழுதி அனுப்பியதைப் படித்துவிட்டு அவர்களுடைய சென்னை எடிட்டர் பெண் ஃபோனில் சொல்கிறது: “சார், மாடியிலிருந்து விழுந்த டெய்லர் இருக்காரே, அவர் செத்தது மட்டும்தான் இருக்கு. வாழ்ந்தது இல்லையே?”

“செத்ததாலதானே கண்ணு அது செய்தி?”

“இது செய்தி இல்லையே சார்.”

எரிச்சலில் ஃபோனை வைத்துவிட்டேன். மறுநாளே, எனக்கா தெரியாது என்று, அந்த டெய்லரின் மனைவியைத் தேடி அனுப்பர்பாளையம் போனேன்.

அந்தம்மா வாசலில் பனியன்களைக் குவித்துவைத்துப் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன். நிமிரவில்லை.

“பேப்பர்ல அதை எழுதினது நீங்கதானுங்களா?”

“ஆமாங்க” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

“அவர் குடிக்க மாட்டாருங்க. கைப்பிடிச் சுவரில்லாத கம்பெனி மாடியில காயப்போட்ட துணியை எடுக்க ஏறினாரு. நீங்க ‘குடிபோதையில் தவறி விழுந்து’ன்னு போட்டீங்க. எம்புள்ளைய பொண்ணு பார்க்க வந்தவங்க வரைக்கும் அதைக் கேட்டுட்டுப் போனாங்க. உங்களுக்கு ஆருங்க சொன்னது?”

கம்பெனி மேனேஜர் ஃபோனில் சொன்னது. பேப்பர் அச்சுக்குப் போகிற நேரம், ஊட்டுக்குப் போய் விசாரிக்கவில்லை. மென்று முழுங்கி அதைச் சொன்னேன்.

“அதைப் புத்தகத்துல எழுதிட்டு வந்து படிச்சுக் காட்டுங்க. அப்புறம் அவரைப் பத்திப் பேசறேனுங்க.”

இதென்ன கூத்து! எனக்கே பரீட்சையா? ஆனால் அந்தம்மா வாய் திறக்காவிட்டால் புத்தகத்தில் அந்த டெய்லர் செத்தேதான் கிடப்பார். எழுதினேன். ‘மேனேஜர் தவறான தகவல் கொடுத்தார்’ என்று. போய்ப் படித்தேன்.

“ஏனுங்க, பேப்பர்ல எழுதறது மேனேஜருங்களா?” என்று கேட்டுவிட்டு அடுத்த பனியனை எடுத்துக்கொண்டார்.

இன்னும் நாலு நாள் எழுதி எழுதிக் கிழித்தேன். முப்பது வருசத்தில் ‘நான்’ என்று ஒரு செய்தியில்கூட எழுதியதில்லை. ‘நமது நிருபர்’ என்பதற்குள் சௌகரியமாக உட்கார்ந்திருந்தவன். கிழித்த காகிதத்தைப் பார்த்து என் சம்சாரம், “பன்னெண்டு வரி ராசாவுக்கு என்னாச்சு?” என்று நக்கலடித்தாள். கடைசியில் இரண்டே வரி.

‘அவர் குடித்திருக்கவில்லை. குடித்திருந்தார் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கம்பெனிக்கு மூன்று தெரு தள்ளியிருந்த மனைவியிடம் விசாரிக்காமல் எழுதியவன் நான்.’

படித்து முடித்தேன். அந்தம்மா கத்தரியைக் கீழே வைத்தார். குவியலைத் தள்ளி இடம் பண்ணினார்.

“உக்காருங்க. சோத்துல உப்பு கம்மின்னா தெருவுக்கே கேக்கற மாதிரி கத்துவாருங்க அந்த மனுசன். அதையும் போடோணும், சொல்லிப்புட்டேன்.”

நோட்டைத் திறந்தேன்.